டிம் மெக்கார்வர்: பந்து வருவதற்கு முன்பே சொன்ன வர்ணனையாளர்

பேஸ்பால் ஆடி ஓய்வு பெற்றபின் வர்ணனைக்கு வந்தவர்களில் ஒருவரை மட்டும் ஆழமாகத் தெரிந்துகொள்வதென்றால் யாரை எடுத்துக்கொள்ளலாம், பெரிய ஆட்டக்காரர்கள் பலர் மைக் முன்னால் ஏன் சோபிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில் டிம் மெக்கார்வர். அவரை எடுத்துக்கொண்டால் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு பந்து போட்டு முடிந்து, ரீப்ளே ஓடும்போது "இவர் அங்கே நின்றிருக்கக் கூடாது" என்று யாரும் சொல்லலாம். மெக்கார்வர் அதைப் பந்து கையை விட்டுப் போவதற்கு முன்னால் சொன்னார். தவறாகப் போனால் லட்சக்கணக்கானோர் முன்னால் தானே மாட்டிக்கொள்ளும் இடம் அது. அந்த இடத்தில் துணிந்து நின்றவர் என்பதுதான் அவருடைய தனிச்சிறப்பு என்று நினைக்கிறேன்.

இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 2001 நவம்பர் 4, ஃபீனிக்ஸ். அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டுப் பட்டத்தைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் 2-1 என்று முன்னிலையில் இருக்க, 9ஆவது இன்னிங்ஸின் பின்பாதியில் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் ஆடுகிறது. பிட்சர், அதாவது பந்து போடுபவர், மரியானோ ரிவேரா. கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அன்று மார்க் கிரேஸ் ஒரு சிங்கிள் அடித்தார், அதாவது ஓட்டக்காரர் வரிசையாகத் தொடவேண்டிய பேஸ்களில் முதலாவதை அடைந்தார். அடுத்து வந்த பன்ட்டை (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட பந்தை) எடுத்த ரிவேரா இரண்டாம் பேஸுக்குத் தவறாக எறிந்தார். டோனி வோமாக் டபுள் (இரண்டு பேஸ் ஓடும் அடி) அடிக்க ஸ்கோர் 2-2. பிறகு கிரெய்க் கவுன்சல் மேல் பந்து பட்டு, விதிப்படி அவருக்கு முதல் பேஸ் கிடைக்க, மூன்று பேஸும் நிரம்பின. அவுட் ஒன்றுதான். மட்டையோடு வந்தவர் இடதுகை ஆட்டக்காரர் லூயிஸ் கொன்சாலஸ்.

மூன்றாம் பேஸில் ஜே பெல் நிற்கிறார். அவர் ஹோம் பிளேட்டை (மட்டை பிடிப்பவர் நிற்கும், ரன் பூர்த்தியாகும் இடத்தை) தொட்டால் எல்லாம் முடிந்தது. உள்வட்ட ஃபீல்டர்கள் வழக்கமான ஆழத்தில் நின்றால், மெதுவாக உருளும் ஒரு பந்தை எடுத்து எறிவதற்குள் பெல் வந்துவிடுவார். அதனால் யாங்கீஸ் மேலாளர் ஜோ டோரி அவர்களை முன்னால், புல்வெளி விளிம்புக்கு வரச் சொன்னார். இதை 'இன்ஃபீல்ட் இன்' என்பார்கள். தரையில் உருளும் பந்துக்கு இது சரியான ஏற்பாடு. பலவீனம் என்னவென்றால், ஃபீல்டர்களின் தலைக்குப் பின்னால் பெரிய காலியிடம் திறந்துவிடும். மெல்லத் தூக்கியடித்த பந்துகூட அங்கே விழுந்துவிடும்.

ரிவேராவின் ஆயுதம் கட்டர். வேகப்பந்து போலவே வந்து, கடைசி நேரத்தில் சில அங்குலம் இடதுகை ஆட்டக்காரரின் கைப்பிடிப் பக்கம் திரும்பும். மட்டையின் நடுப்பகுதியில் படவேண்டிய பந்து, மெல்லிய கழுத்தில் பட்டு மட்டையை உடைக்கும். அவர் காலத்தில் எத்தனையோ மட்டைகள் அப்படி உடைந்தன. உடைந்த மட்டையிலிருந்து பந்து வேகமாகப் போகாது. உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே தொப்பென்று விழும். மெக்கார்வர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். முதல் பந்து ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் ஆட்டக்காரர் அவுட்) ஆகி, அடுத்த பந்துக்கு முன்னால் அவர் சொன்னதன் சாரம் இது: ரிவேரா இடதுகை ஆட்டக்காரர்களுக்கு உள்பக்கமாகப் போடுகிறவர், அவர்கள் மட்டை உடைந்து வெளிவட்டத்தின் முன்பகுதியில் விழும் அடிகளை நிறையப் பெறுகிறார்கள், ரிவேரா பந்து போடும்போது இன்ஃபீல்டை முன்னால் கொண்டுவருவதில் இருக்கும் ஆபத்து அதுதான்.

அடுத்த பந்து கட்டர். மட்டை உடைந்தது. பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேலே எழும்பி, அவர் வழக்கமாக நிற்கும் இடத்தை ஒட்டிப் புல்லில் விழுந்தது. பெல் ஓடிவந்து சேர்ந்தார், அரிசோனாவுக்குப் பட்டம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோரி செய்தது தவறு என்று அவர் சொல்லவில்லை. இன்ஃபீல்டைப் பின்னால் நிறுத்தியிருந்தால் வேறொரு ஆபத்து. தரையில் உருளும் ஒரு சாதாரண அடியிலேயே ஆட்டம் போயிருக்கும். இரண்டு ஆபத்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் அது, தேர்ந்தெடுத்ததன் விலை இது என்று மட்டும் காட்டினார். நல்ல வர்ணனைக்கும் பழி சொல்லும் வர்ணனைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே இருக்கிறது.

இந்தப் பார்வை அவருக்குக் கேட்சர் வேலையிலிருந்து வந்தது. கிரிக்கெட் விக்கெட் கீப்பரை நினைத்துக்கொண்டால் கேட்சரின் இடம் புரியும், ஆனால் பொறுப்பு அதைவிடப் பெரிது. களத்தில் நிற்கும் ஒன்பது பேரில் கேட்சர் ஒருவர்தான் முழுக் களத்தையும் எதிர்முகமாகப் பார்ப்பவர். மெக்கார்வர் ஆடிய காலத்தில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால், என்ன வகைப் பந்து, எந்தப் பக்கம் என்று விரலால் சைகை காட்டியது அவர்தான். அதற்கு எதிரே நிற்கும் ஆட்டக்காரரின் பலவீனம், பிட்சரின் கை அன்று எப்படி இருக்கிறது, பேஸில் யார் இருக்கிறார்கள், ஃபீல்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற நான்கும் ஒரே சமயத்தில் மனதில் இருக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் 'அடுத்து என்ன ஆகலாம்' என்று ஊகிக்கும் வேலை. மெக்கார்வர் இதை அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் 21 சீசன்கள் செய்தார்.

பிறந்தது 1941 அக்டோபர் 16, டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு 1959இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அதே செப்டம்பரில், 17 வயதிலேயே மேஜர் லீக் களத்தில் இறங்கிவிட்டார். நிரந்தரக் கேட்சர் ஆனது 1963இல்.

அடுத்த ஆண்டே வேர்ல்ட் சீரிஸ். எதிரணி யாங்கீஸ். 22 வயது மெக்கார்வர் அந்தத் தொடரில் 23 முறை மட்டை பிடித்து 11 முறை ஹிட் அடித்தார், சராசரி .478. ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் டாம் ட்ரெஷ் ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போகும் அடி) அடித்து யாங்கீஸைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். பத்தாவது இன்னிங்ஸில் மெக்கார்வர் அடித்த, மூன்று ரன் தந்த ஹோம் ரன் ஆட்டத்தை 5-2 என்று முடித்தது. தொடரைக் கார்டினல்ஸ் 4-3 என்று வென்றது. 1967இல் இன்னொரு பட்டம். அந்த வருட நேஷனல் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த வீரர் வாக்கெடுப்பில் சக வீரர் ஒர்லாண்டோ செபேடாவுக்கு அடுத்த இரண்டாம் இடம். 1966இல் 13 ட்ரிபிள் அடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். ட்ரிபிள் என்றால் ஒரே அடியில் மூன்று பேஸ் ஓடுவது. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து முழங்கால் தேயும் கேட்சர்கள் எட்டிப்பார்க்காத பட்டியல் அது.

ஆனால் பிற்கால வர்ணனையாளரை உருவாக்கியது இந்த எண்கள் இல்லை, இரண்டு பிட்சர்கள்.

முதலாமவர் பாப் கிப்சன். மிக வேகமாக, இடைவெளியே விடாமல் பந்து போடுகிறவர். மேலாளர் ஜானி கீன், கிப்சனைக் கொஞ்சம் நிதானப்படுத்து என்று இளம் கேட்சரைப் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு அனுப்புவார். கிப்சன் விரட்டியடிப்பார், பந்துவீச்சைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அதை அடிக்க முடியாது என்பது மட்டும்தான் என்பது அவர் சொன்னதாக மெக்கார்வரே பிற்காலத்தில் விரும்பிச் சொன்ன கதை. எப்போது போய்ப் பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு குந்த வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். 1968இல் கிப்சன் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன் மட்டுமே கொடுத்தார். அந்த ஆண்டு பிட்சர்களின் ஆதிக்கம் அத்தனை அதிகமாக இருந்ததால், 1969இல் பிட்சர் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அந்தப் பருவம் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்தவருக்கு, ஒரு ஆட்டக்காரரை எந்த வரிசையில் பந்து போட்டு வீழ்த்துவது என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

இரண்டாமவர் ஸ்டீவ் கார்ல்டன். இடதுகை. ஆரம்பத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஒன்றுசேர்ந்தபோது, 1976 முதல் கார்ல்டன் போடும் நாட்களில் மெக்கார்வர்தான் கேட்சர் என்று ஆயிற்று. இதன் காரணம் தொழில்நுட்பமானது. கார்ல்டனின் கொல்லும் பந்து ஸ்லைடர். ஸ்ட்ரைக் எல்லையில் (அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக் ஆகும் பரப்பில்) இருப்பது போலத் தோன்றி, கடைசியில் கீழே சரிந்து மண்ணில் விழும். ஆட்டக்காரர் ஏமாந்து வீசுவார். ஆனால் மூன்றாம் பேஸில் ஆள் இருக்கும்போது அந்தப் பந்து கேட்சரைத் தாண்டினால் ஒரு ரன் இலவசம். கேட்சர் இரண்டு முழங்காலையும் தரையில் போட்டு, மார்பால் மறித்து, பந்தை முன்னால் விழச்செய்வார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிட்சர் அதைத் துணிந்து போடுவார். நம்பிக்கை இல்லாவிட்டால் கொஞ்சம் மேலே போடுவார்; மேலே போட்ட ஸ்லைடர் ஹோம் ரன்னாகப் போகும். 1977இல் கார்ல்டன் 23 வெற்றிகளோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். பிட்சர் மேட்டுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். நாங்கள் இருவரும் செத்தால் அந்த இடைவெளி விட்டுத்தான் புதைப்பார்கள் என்று மெக்கார்வர் சொல்வதுண்டு.

அவர் ஃபிலடெல்ஃபியா போன கதைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1969 அக்டோபரில் கார்டினல்ஸ் அவரையும் கர்ட் ஃபிளட்டையும் வேறு இருவரோடு சேர்த்து ஃபிலடெல்ஃபியாவின் ஃபில்லீஸ் அணிக்குக் கைமாற்றியது. ஃபிளட் போக மறுத்தார். வீரரை அவர் சம்மதமில்லாமல் விற்கும் முறையை எதிர்த்து வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் அவர் தொடங்கிய போராட்டம்தான் 1975 இறுதியில் வீரர்களுக்குச் சுதந்திரமாக அணி மாறும் உரிமை பிறக்க வழிவகுத்தது. மெக்கார்வர் போனார். 1970 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கையில் எலும்பு முறிந்தது. அவருக்குப் பதிலாக வந்த மைக் ரையனுக்கும் அதே இன்னிங்ஸில் கை உடைந்தது. கேட்சர் தொழிலின் ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆட்ட விதி தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு 1976 ஜூலை 4, பிட்ஸ்பர்க் ஆட்டம். மூன்று பேஸும் நிரம்பியிருக்க மெக்கார்வர் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். நான்கு ரன் வரவேண்டிய கிராண்ட் ஸ்லாம். முதல் பேஸிலிருந்த கேரி மேடக்ஸ், பந்து பிடிபடுமோ என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார்; மெக்கார்வர் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டி ஓடிவிட்டார். முன்னால் இருக்கும் ஓட்டக்காரரைத் தாண்டினால் தாண்டியவர் அவுட். பேஸில் இருந்த மூவரின் ரன்னும் செல்லும். அவருடைய அடி வெறும் சிங்கிளாகப் பதிவாகும். அப்படியே பதிவானது.

1979 முடிந்து ஓய்வு பெற்றார். 1980 செப்டம்பரில் ஃபில்லீஸ் அவரைச் சில ஆட்டங்களுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டதால், 1950, 60, 70, 80 என நான்கு பத்தாண்டுகளிலும் ஆடிய மிகச் சிலரில் ஒருவரானார். மொத்தம் 1,909 ஆட்டங்கள், 1,501 ஹிட், சராசரி .271, ஹோம் ரன் 97. நல்ல கணக்கு, ஆட்டத்துக்காக ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பாலின் கௌரவ மன்றத்தில்) இடம் கிடைக்கும் கணக்கு இல்லை.

அதே 1980இல் ஃபில்லீஸ் தொலைக்காட்சி வர்ணனையில் உட்கார்ந்துவிட்டார். 1983இல் நியூயார்க் மெட்ஸ். அங்கே 16 சீசன்கள். தேசிய அளவில் பெயர் வந்தது 1985இல்: வேர்ல்ட் சீரிஸுக்குச் சற்று முன்னால் ஏபிசி நிறுவனம் ஹோவர்ட் கோசெலை விலக்கிவிட்டு, ஆல் மைக்கேல்ஸ், ஜிம் பாமரோடு மெக்கார்வரை உட்காரவைத்தது. 1989 அக்டோபர் 17இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால், முந்தைய ஆட்டக் காட்சிகளை அவர் விவரித்துக்கொண்டிருந்தபோதுதான் 6.9 அளவு நிலநடுக்கம் அரங்கை உலுக்கி ஒளிபரப்பு அறுந்தது. பிறகு 1990 முதல் 93 வரை சிபிஎஸ், 1996 முதல் 2013 வரை ஃபாக்ஸில் ஜோ பக்குடன். ஜோவின் தந்தை ஜாக் பக்குடனும் சிபிஎஸ்ஸில் உட்கார்ந்தவர். தொலைக்காட்சியில் 24 வேர்ல்ட் சீரிஸ்கள். 2012இல் வர்ணனைக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது.

வர்ணனைப் பெட்டிக்குள் வேலை எப்படிப் பிரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆட்டத்தை நடத்திச் செல்பவர்: யார் மட்டையோடு நிற்கிறார், எண்ணிக்கை என்ன, பந்து எங்கே போனது. இன்னொருவர் ஆய்வாளர்: ஏன், எப்படி, அடுத்து என்ன. பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர் இரண்டாவது நாற்காலியில்தான் உட்காருவார். பந்து காற்றில் இருக்கும்போது அவர் வாய் திறக்கக் கூடாது. அவருக்குரிய நேரம் இரண்டு பந்துகளுக்கு நடுவே உள்ள சில விநாடிகள், பிறகு ரீப்ளே. அந்தச் சில விநாடிகளில் ஒரு கருத்து. அதற்கு ஒரு காரணம். அதற்குமேல் போனால் பந்து வந்துவிடும்.

முன்னாள் வீரர்கள் தடுமாறுவதும் இங்கேதான். பிறவித் திறமையால் ஆடியவருக்குத் தான் ஏன் அப்படிச் செய்தோம் என்று பல சமயம் பிரித்துச் சொல்ல வராது. கையும் கண்ணும் தானாகச் செய்த வேலை அது. இன்னொன்று, முடிவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது: அடித்தால் நல்ல முடிவு, அவுட்டானால் கெட்ட முடிவு. மூன்றாவது, நேற்றுவரை கூட ஆடியவர்களைக் குறைசொல்லத் தயங்குவது. மெக்கார்வருக்குக் கடைசிக் குறை அறவே இல்லை, அதற்கு விலையும் கொடுத்தார். 1992இல் டியோன் சாண்டர்ஸ், தன் அணியான அட்லாண்டா பிரேவ்ஸின் பிளேஆஃப் (பட்டத்துக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள்) நடுவே ஒரே நாளில் மயாமிக்குப் பறந்து அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டுத் திரும்பியதை மெக்கார்வர் கண்டித்தார். பிரேவ்ஸ் வென்ற இரவு, உடைமாற்றும் அறையில் சாண்டர்ஸ் அவர்மேல் திரும்பத் திரும்பத் தண்ணீரைக் கொட்டினார். அணியைக் கூசாமல் விமர்சித்ததுதான் 1998க்குப் பிறகு மெட்ஸ் அவரை வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது.

அவரிடம் குறைகளும் இருந்தன. சிறிய விஷயத்தையும் நீட்டி விளக்குவார். சிலேடை மோகம் அதிகம். தெரிந்த ரசிகருக்கு இது அலுத்தது. 2010இல், யாங்கீஸ் தன் முன்னாள் மேலாளர் டோரியின் படங்களை அகற்றிவிட்டதாகச் சொல்லி, அதை நாஜி ஆட்சியோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டு மன்னிப்புக் கேட்டார். டோரி அவருடைய பழைய அணித்தோழர், நண்பர். பாசம் நிதானத்தை மறைத்த இடம் அது.

1964 கார்டினல்ஸில் மெக்கார்வருக்கு மாற்றுக் கேட்சராக இருந்தவர் பாப் யூக்கர். ஆறே சீசன்கள், சராசரி சரியாக .200. அவர் 1971 முதல் 2024 வரை மில்வாக்கி புரூவர்ஸின் வானொலிக் குரல். 1946இல் அதே கார்டினல்ஸின் இளம் கேட்சராக வேர்ல்ட் சீரிஸ் ஆடிய ஜோ கராஜியோலாவும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரபலக் குரலானார். மூவரும் ஃப்ரிக் விருது பெற்றவர்கள். யூக்கரின் பலம் நகைச்சுவை, கராஜியோலாவின் பலம் கதை. ஆட்டத்தை அடுத்த பந்துவரை இழுத்துச் சென்று காட்டியது மெக்கார்வர் மட்டுமே என்பது என் தீர்மானம்.

2013க்குப் பிறகு சில ஆண்டுகள் கார்டினல்ஸ் ஆட்டங்களுக்கு மட்டும் பேசினார். 2023 பிப்ரவரி 16 அன்று மெம்ஃபிஸில் காலமானார், வயது 81. அந்த சீசனிலிருந்துதான் மேஜர் லீக்கில் பந்துகளுக்கு இடையே கடிகாரம் வந்தது: பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடி, ஆள் இருந்தால் 20, அடுத்த ஆண்டு அது 18. ஆட்டம் விறுவிறுப்பானது, ஆனால் ஆய்வாளரின் நேரம் சுருங்கியது.

அவரைக் கேட்டுப் பழக 2001 ஏழாவது ஆட்டத்தின் 9ஆவது இன்னிங்ஸிலிருந்து தொடங்குங்கள். முதல்முறை ஜீட்டர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை கொன்சாலஸின் கைகளைப் பாருங்கள். முதல் பந்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டையைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்திருக்கிறாரா என்று கவனியுங்கள். குட்டையாகப் பிடித்தால் மட்டை சீக்கிரம் சுழலும், உள்பக்கப் பந்தைச் சமாளிக்கலாம், ஆனால் பலம் குறையும். இப்படி ஒரு பந்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த ஆட்டத்திலும் அடுத்த பந்தை நீங்களே ஊகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.